பதினாறு படிகளும் ஒரு பூட்டும்

கல்வி நிறுவனங்களின் இணைய வலைப்பின்னல் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் ஒரு வாதம் தவறாமல் வந்து நிற்கிறது: “ரவுட்டரின் அமைவு நிலைக்குள் நுழைவது ஒப்பந்தப் பொறியாளரின் வேலை. பேராசிரியருக்கும் ஆய்வு மாணவருக்கும் அங்கே என்ன வேலை?” தில்லியின் கருத்தரங்க மேடைகளில்கூட இதைக் கேட்டாயிற்று. பணிப் பகிர்வு என்ற பெயரில் ஒரு பல்கலைக்கழகம் தன் அறிவுப் பொறுப்பைக் கைகழுவும் வாதம் இது. அதை மறுப்பதே இப்பதிவின் நோக்கம்.

துறை சாராத நண்பர்களுக்காகச் சுருக்கமாக ஒரு விளக்கம். சிஸ்கோ வகை ரவுட்டரின் கட்டளை வரியில் முதலில் தென்படுவது > என்னும் குறி. அங்கே நின்று சிலவற்றைப் பார்க்கலாம். எதையும் மாற்ற இயலாது. ‘எனேபிள்’ என்று தட்டிக் கடவுச்சொல்லைக் கொடுத்தால் குறி # ஆக மாறும். அதன்பின் ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்று இட்டால்தான் அமைவு நிலை திறக்கும். எந்தத் தரவுப் பொதி எவ்வழி செல்லும், எது வாயிலிலேயே நிறுத்தப்படும் என்பதை அங்கே எழுதும் வரிகளே தீர்மானிக்கின்றன. எழுதிய கணமே வரி செயலுக்கு வந்துவிடும்; சேமிக்காமல் விட்டால், கருவியை மறுபடி இயக்கும்போது மறைந்தும்விடும்.

நம் பொறியியல் கல்லூரிகளில் இந்த மூன்று அடிகளும் மனப்பாடப் பகுதி. ரெக்கார்டு நோட்டில் எழுதி, சிமுலேட்டரில் ஓட்டிக் காட்டி, வைவாவில் ஒப்பித்தால் மதிப்பெண் கிடைக்கும். “இந்த வரியை எழுதியபின் யாருடைய போக்குவரத்து நின்றுபோகும்? அதை யாரிடம் கேட்டு எழுதினாய்?” என்று எந்த வெளித் தேர்வாளரும் கேட்டு நான் அறியேன். மந்திரம் கற்பிக்கப்படுகிறது, அதன் பொருள் கற்பிக்கப்படுவதில்லை.

பொருள் சிறியதன்று. 2008 பிப்ரவரி 24 அன்று, யூடியூப் தளத்தைத் தன் நாட்டுக்குள் முடக்குமாறு பாகிஸ்தான் அரசு இட்ட ஆணையைச் செயல்படுத்த, பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம் ஒரு வழித்தட அறிவிப்பை அமைத்தது. உள்நாட்டோடு நின்றிருக்க வேண்டிய அந்த அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததைவிடக் குறுகிய, துல்லியமான முகவரித் தொகுதியை அது சுட்டியதால் உலகெங்கும் ரவுட்டர்கள் அதையே நம்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இல்லாமற்போனது. நம் ஊரிலும் 2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்-இன் ஓர் ஆணை பிறப்பித்தது: நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவல் மையத்தின் அல்லது தில்லி பூசாவிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் நேரத்தோடு, பொருத்த வேண்டும், பதிவுகளை 180 நாள்கள் காக்க வேண்டும். சட்டமும் ஆணையும் தாளில் பிறக்கின்றன. உயிர் பெறுவது யாரோ ஒருவர் அமைவு நிலையில் எழுதும் வரியில். அந்த வரியைப் படிக்கத் தெரியாத கல்விச் சமூகம் தன்மீது செலுத்தப்படும் அதிகாரத்தைப் படிக்கத் தெரியாத சமூகமே.

இந்த வேலை ஒருகாலத்தில் கல்விக்கூடத்தின் வேலையாகவே இருந்தது என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம். எர்நெட் திட்டம் 1986-இல் இந்திய அரசின் மின்னணுவியல் துறையால், ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கப்பட்டது. அதில் பங்கேற்றவை: பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம், சென்னையும் தில்லியும் உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.கள், தில்லியிலிருந்த அத்துறை. 1990-இல் 144.16 எனத் தொடங்கும் முகவரித் தொகுதி கிடைத்தது. 1991 ஜனவரியில் தில்லிக்கும் பம்பாய்க்கும் இடையே முதல் குத்தகைத் தடம் அமைந்தது. அதன் வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். இன்றைய ஒரு கைப்பேசிப் படத்தை அனுப்ப அது மணிக்கணக்கில் திணறியிருக்கும். ஆயினும் அந்த மெல்லிய தடத்தின்மேல் ஒன்றுக்கு மேற்பட்ட நெறிமுறைக் குடும்பங்களை ஓடவிட்டு, எது நிலைக்கும் என்று பார்த்தார்கள். வலைப்பின்னலைக் கட்டுவதும் அதை ஆராய்வதும் ஒரே திட்டத்தின் இரு கைகளாக இருந்தன.

2010 மார்ச்சில் 5,990 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு ஒப்புதல் கிடைத்தது. வேகம் கிலோபிட்டிலிருந்து ஜிகாபிட்டுக்குத் தாவியது, வரவேற்போம். ஆனால் வளாகத்தின் விளிம்பில் நிற்கும் ரவுட்டர், கல்லூரிக்குச் சொந்தமாக இருந்தும் கல்லூரிக்கு அந்நியமாகிவிட்டது. ஒப்பந்தப்புள்ளி, ஆண்டுப் பராமரிப்பு, டாஷ்போர்டில் பச்சை விளக்கு: இவற்றோடு நம் உறவு முடிகிறது. எனக்குத் தெரிந்த ஒரு வளாகத்தில், வெளியிலுள்ள கணிப்பு மையத்துக்கு ஆய்வுத் தரவை அனுப்பும் வாயில் பல மாதங்கள் அடைபட்டுக் கிடந்தது. அடைத்த வரி எது, யார் எழுதினார், எதற்காக என்று உள்ளே இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதிய ஒப்பந்தப் பொறியாளர் வேலை மாறிப் போயிருந்தார். ஓர் ஆய்வு மாணவியின் முழுப் பருவம் அதில் கரைந்தது. அந்த வரியில் தீய நோக்கம் ஏதும் இருந்திருக்காது. அதைப் படிக்கக்கூடியவர் உள்ளே எவருமில்லை என்பதுதான் கேடு.

“பாதுகாப்பு என்று ஒன்று இருக்கிறதே, ஒரு தவறான கட்டளை எல்லாவற்றையும் கவிழ்த்துவிடாதா?” என்பார்கள். கவிழ்க்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு வலைப்பின்னலை ஏறத்தாழ ஆறு மணி நேரம் கவிழ்த்தது, வழக்கமான பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை. இட்டவர்கள் உலகின் தேர்ந்த பொறியாளர்கள். அதைத் தடுத்திருக்க வேண்டிய சரிபார்ப்புக் கருவியிலும் பிழை இருந்தது. ஆகவே கதவை இறுகப் பூட்டுவது பிழைக்கு மருந்தாகாது; பிழை நேர்ந்தால் மீள்வதற்கு ஒழுங்கு வேண்டும். அந்த ஒழுங்கு கருவிக்குள்ளேயே உண்டு. ஜூனிப்பர் ரவுட்டர்களில் மாற்றங்களை முதலில் வரைவாக எழுதலாம். நடப்பு அமைவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பிறகு ‘கமிட் கன்ஃபர்ம்டு’ என்று ஏற்றலாம். பத்து நிமிடங்களுக்குள் உறுதி செய்யாவிட்டால் ரவுட்டர் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எழுதிக் காட்டு, ஒப்பிட்டுப் பார், பிறர் சரிபார்க்கட்டும், தவறானால் திரும்பப் பெறு: ஆய்வு நெறி என்று நாம் வகுப்பில் சொல்லித்தருவதும் இதைத்தானே!

இன்னொன்று. சிஸ்கோவின் மென்பொருளை வடிவமைத்தவர்கள் 0 முதல் 15 வரை பதினாறு உரிமைப் படிகளை வைத்தார்கள். எந்தப் படியில் நிற்பவர் எந்தக் கட்டளையை இடலாம் என்று வகுத்துக்கொள்ளவும் வழிசெய்தார்கள். நம் நிர்வாகங்கள் அறிந்தவை இரண்டே படிகள்: முழு உரிமை, அல்லது வாசலுக்கு வெளியே. வணிக நிறுவனமொன்று விற்ற இயந்திரத்திலுள்ள சனநாயகம்கூட நம் ஆட்சிக்குழுக்களில் இல்லை. கருவறைக்குள் இன்னார் மட்டுமே நுழையலாம் என்ற வாதத்தோடு தலைமுறை தலைமுறையாகப் போராடிய மண்ணிலிருந்து வந்த நாம், சர்வர் அறை வாசலில் அதே வாதத்தைக் கேட்டுத் தலையாட்டுவது எவ்வகையில் சேர்த்தி?

பணமில்லை என்னும் சாக்கும் செல்லாது. எஃப்.ஆர்.ஆர். என்ற கட்டற்ற மென்பொருளைப் பழைய லினக்ஸ் கணினி ஒன்றில் நிறுவினால் அதுவே ரவுட்டராகிவிடும். அங்கும் ‘கான்ஃபிகர் டெர்மினல்’ என்றுதான் தட்ட வேண்டும். ஆய்வகத்தின் மூலையில் தூசி படிந்து கிடக்கும் நான்கு கணினிகள் போதும், ஒரு துறை தனக்கென ஒரு சிறு இணையத்தைக் கட்டிக் கவிழ்த்து மீட்டெடுக்க.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, கடவுச்சொற்களும் மறைகுறிகளும் நீக்கப்பட்ட அமைவு நகல், வளாகத்தின் ஆசிரியரும் மாணவரும் படிக்கக் கிடைக்க வேண்டும். பாதுகாப்பு கருதி மறைக்க வேண்டிய பகுதி உண்டென்றால், எது, ஏன் என்று எழுத்தில் சொல்லப்பட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் நாள், காரணம், பொறுப்பாளர் ஆகியவற்றோடு பதிவேடு வேண்டும். அப்பதிவேடு ஒப்பந்தக்காரரோடு வெளியேறக் கூடாது. மூன்றாவது, முதன்மை வலைப்பின்னலிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு பகுதியை மாணவர்கள் உண்மையான ரவுட்டர்களைக் கொண்டு தாமே நடத்த வேண்டும். தேர்வில் கட்டளையின் எழுத்துக்கூட்டலை விட்டுவிட்டு அதன் விளைவைக் கேட்க வேண்டும்.

நூலகத்தில் எந்த நூலை வாங்குவது என்று முடிவெடுக்கக் குழு வைத்திருக்கிறோம். எந்தத் தளத்துக்கு வழி திறப்பது என்று முடிவெடுக்க ஏன் ஒரு குழு இல்லை? அடுத்த கல்விக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இக்கேள்வியைச் சேர்க்கச் சொல்லி எழுதுங்கள். வலைப்பின்னல் ஆய்வு செய்வோர் மட்டும் எழுதினால் போதாது. தமிழிலக்கியமும் வரலாறும் ஆராய்வோரும் எழுத வேண்டும். நம் எல்லோருடைய தரவும் அந்த ஒரே வாயில் வழியாகத்தான் போய்வருகிறது.