பயப்படாதே என்று யாரிடம் சொல்கிறீர்கள்?

"பயப்படாதே, ஜெபம் பண்ணு."

காஞ்சிபுரத்தின் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபங்களுக்கு வரும் பெண்களிடம் இதைவிட அதிகமாகச் சொல்லப்படும் சொற்கள் வேறில்லை. குழுக் கடன் வசூலிக்கிறவன் வாசலில் உட்கார்ந்திருக்கிறான் என்றாலும் இதே பதில். குடித்துவிட்டு வந்து அடிக்கிறான் என்றாலும் இதே பதில். இரவெல்லாம் தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்றாலும் இதேதான். எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை எழுதித் தரும் வைத்தியரிடம் நாம் மறுமுறை போகமாட்டோம். சபையில் மட்டும் ஆமென் சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம்.

நான் ஜெபிக்கிறவள். கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன், கவிதை எழுதுகிறேன், ஜெபிக்கிறேன். இந்த மூன்றில் முதல் இரண்டைக் கேட்டு மகிழும் முற்போக்கு நண்பர்கள் மூன்றாவதைக் கேட்டதும் சிரிப்பார்கள். அண்ணா பிறந்த ஊர் இது. பகுத்தறிவு எங்கள் ஊருக்குப் புதிதன்று. எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த நண்பர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டுப் பெண் ஒருத்தி, "எங்கே போகிறாய்" என்ற கேள்விக்கு அஞ்சாமல் வாரத்தில் மூன்று மணிநேரம் வெளியே உட்கார, வாய்விட்டு அழ, தன் பெயரைச் சொல்லி யாரோ தனக்காக மன்றாடுவதைக் கேட்க நீங்கள் என்ன இடம் வைத்திருக்கிறீர்கள்? உங்கள் படிப்பகங்களில் அவளுக்கு நாற்காலி போட்டிருக்கிறீர்களா? ஜெபக்கூட்டம் அவளுக்குப் பாய் விரித்திருக்கிறது. அங்கே அவள் நடுக்கம் குறைகிறது. இது பொய்யில்லை, நான் என் உடம்பில் அறிந்தது. கண்ணை மூடி, மூச்சை நிதானமாக்கி, இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார் என்று நம்பிச் சொல்லும்போது, பயம் கழுத்திலிருந்து கையை எடுக்கிறது.

ஆகவே ஜெபத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஜெபத்தைப் பெண்ணின் வாயில் வைக்கும் துணியாக மாற்றுகிறவர்களோடுதான் சண்டை.

அச்சத்தை முதலில் சரியாகப் பார்ப்போம். தொல்காப்பியக் களவியல் அச்சத்தையும் நாணத்தையும் மடத்தையும் பெண்ணுக்கு உரியனவாக வைக்கிறது. பின்னால் வந்தவர்கள் பயிர்ப்பையும் சேர்த்து நான்காக்கி, அதைப் பெண்மையின் இலக்கணம் என்றார்கள். ஒவ்வோர் ஆண்டும் இதை வகுப்பில் நடத்தும்போது மாணவிகளின் முகத்தைப் பார்க்கிறேன். இருபது வயதுக்குள் அவர்கள் அத்தனைபேரும் இந்த இலக்கணத்தை வீட்டிலேயே கற்று முடித்திருக்கிறார்கள். உரக்கச் சிரிக்க பயம், இருட்டியபின் பேருந்து நிலையத்தில் நிற்க பயம், கைப்பேசி அடித்தால் பயம். அச்சத்தை நற்குணம் என்று ஊட்டி வளர்ப்பவர்களே, அது முற்றி அவள் தூக்கமிழந்து நிற்கும்போது, "உனக்கு விசுவாசம் போதாது" என்கிறார்கள். விதைத்தவர்களே விளைச்சலைக் கண்டு முகம் சுளிக்கிறார்கள்.

அதே தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் இவர்களைவிட நேர்மையானது. அச்சம் சும்மா வராது என்று அது சொல்கிறது. அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்று நான்கு காரணங்களை எண்ணிக்காட்டுகிறது. அஞ்சுகிறவரின் மனக்குறையைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. யார் அல்லது எது அஞ்சவைக்கிறது என்பதே கேள்வி.

அந்த நான்கையும் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பாருங்கள். அணங்கைப் பற்றிய பயம் பேய், செய்வினை, சாபம் என்ற பெயர்களில் இன்றும் இருக்கிறது. அதை ஓட்டுவதாகச் சொல்லும் சில ஜெபவீரர்களே அதை அதிகம் வளர்க்கிறார்கள். விலங்கு இப்போது காட்டிலிருந்து வருவதில்லை. கள்வர்? பட்டுத் தறிவீட்டில் தார் சுற்றுவதும், பாவு வேலையில் கைகொடுப்பதும், கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ளுவதும் பெரும்பாலும் பெண்கள். கோர்வைக்கு இரண்டு பேர் வேண்டும் என்பது தொழில் தெரிந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் நெசவாளி என்று கேட்டால் ஒருவர் பெயர்தான் வரும், அது ஆணின் பெயர். கூலியும் அந்தப் பெயருக்கே போகும். முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையாமல் பிள்ளைகளே தறிக்குப் பிணையான வரலாறும் இந்த ஊருக்கு உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் இருந்த கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003இல் வெளியிட்ட அறிக்கை உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. அந்தத் தாய்மாரின் பயத்துக்குப் பெயர் விசுவாசக் குறைவா?

நான்காவது, தம் இறை. தமிழில் இந்தச் சொல்லுக்குக் கடவுள், அரசன், தலைவன் என்றெல்லாம் பொருள் உண்டு. செலுத்தவேண்டிய வரி என்றும் உண்டு. ஒரு பெண்ணின் வீட்டில் இந்த இறையாக உட்கார்ந்திருப்பவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். ஜெபக்கூட்டத்துப் பாயில் ஒரு வரிசைக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஏறக்குறைய நான்கு பேர். பிரசங்கம் செய்யும் ஐயாவுக்கு இது தெரியாதா? தெரியும். சாட்சி சொல்லும் நேரத்தில் ஒரு அக்கா எழுந்து, "போன வாரம் தலையில் தையல் போட்டார்கள், ஆனாலும் கர்த்தர் தாங்கினார்" என்கிறாள். "ஸ்தோத்திரம்" என்று கூட்டம் முழங்குகிறது. தையல் போடவைத்தவனைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை இல்லை. அவன் ஞாயிறு ஆராதனைக்கு வந்து காணிக்கைப்பை பிடிக்கிறான்.

இதற்குச் சட்டமும் நெடுங்காலம் துணைநின்றது. 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டப்படி, மனைவியின் பிறன்தொடர்பு ஒன்றே கிறிஸ்தவக் கணவனுக்குப் போதும். மனைவிக்கு அது போதாது. கணவனின் பிறன்தொடர்போடு கொடுமையையோ கைவிடலையோ வேறொரு பெருங்குற்றத்தையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். அடி மட்டும் காரணமாகாது. இந்த வேறுபாடு 2001 திருத்தத்தில்தான் நீங்கியது. 132 ஆண்டுகள் ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கு நீதிமன்றக் கதவு பாதி சாத்தியிருந்தபோது, முழுதாகத் திறந்திருந்தது ஜெப அறைக் கதவு ஒன்றுதான். "பொறுமையாயிரு மகளே" என்ற ஆலோசனை எங்கிருந்து இத்தனை பலம் பெற்றது என்று இப்போது புரிகிறதா?

ஆனால் வேதம் அப்படித்தானே சொல்கிறது என்பார்கள். வாருங்கள், வேதத்தையே திறப்போம்.

அன்னாள் சீலோவில் ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. ஆசாரியனான ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொள்கிறான். ஒரு பெண்ணின் ஜெபத்தை மதகுரு வெறியென்று படித்த இடம் அது. அன்னாள் தலைகுனிந்து போகவில்லை. இல்லை ஐயா, நான் மனக்கிலேசமுள்ளவள் என்று பதில் சொல்கிறாள். அவன்தான் தன் பேச்சை மாற்றி அவளை ஆசீர்வதிக்க வேண்டியிருந்தது. அதன்பின்தான் அவள் சாப்பிடுகிறாள், அவள் முகம் மாறுகிறது. அவள் துக்கம் தணிந்த கதையை ஆயிரம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஏலிக்கு அவள் சொன்ன பதிலைப் பற்றி ஒன்றில்கூடக் கேட்டதில்லை.

சோர்ந்துபோகாமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமை எது? லூக்கா 18ஆம் அதிகாரம். ஒரு விதவை, ஒரு அநீதியுள்ள நீதிபதி. அவள் அவனிடம் திரும்பத் திரும்பப் போகிறாள், நியாயம் கேட்கிறாள், அவன் சலித்துப்போய்த் தீர்ப்புச் சொல்லும்வரை விடுவதில்லை. ஜெபத்துக்கு எடுத்துக்காட்டாக இயேசு காட்டியது வழக்காடும் பெண்ணை. கானானியப் பெண்ணோ அவரிடமே வாதாடி வென்றாள்.

பதற்றம் அவிசுவாசம் என்கிறவர்கள் கெத்செமனேயை நினைத்துப் பாருங்கள். அங்கே வியர்த்தது யார்? பாத்திரம் நீங்கினால் நல்லது என்று கெஞ்சியது யார்? என்னோடு விழித்திருங்கள் என்று நண்பர்களைக் கேட்டது யார்? அவருக்கே துணை தேவைப்பட்ட இடத்தில், நெஞ்சு படபடக்கும் ஒரு பெண்ணைத் தனியாக முழங்காலில் விட்டுவிட்டு, மாத்திரையையும் நிறுத்து, விசுவாசி என்று சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

கடவுளிடம் முழுக்க ஒப்படைப்பது என்றால் என்ன என்பதைக் காஞ்சி நெடுங்காலம் பேசியிருக்கிறது. வேதாந்த தேசிகர் பிறந்த தூப்புல் இங்கேதான் இருக்கிறது. குரங்குக்குட்டிபோல நாம் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டுமா, பூனைக்குட்டிபோலத் தாய் கவ்விச்செல்ல விட்டுவிட வேண்டுமா என்று வடகலையும் தென்கலையும் வழக்காடின. வரதராஜப் பெருமாளின் கையிலேயே வருந்தாதே என்று பொருள்படும் வடசொல் பொறித்திருக்கிறது. எனவே அஞ்சாதே என்ற சொல் எங்கள் ஊரில் ஒரு மதத்தின் சொத்தன்று. எந்த மதத்தில் சொன்னாலும் பெண்ணைக் குட்டியாக இருக்கச் சொல்கிறார்கள். வீட்டுக்குள் அவள்தான் தாய் என்பது மறந்துபோகிறது. குட்டிக்கு நாய் நெருங்கினால் தாய்ப்பூனை என்ன செய்யும் என்று தெருவில் பார்த்திருப்பீர்கள்.

ஜெபிக்கும் தமிழ்ப் பெண்கள் அப்படி நின்றதுண்டு. காஞ்சிக்குத் தெற்கே வெகுதூரத்தில், பாளையங்கோட்டையில், தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவை ஒருத்தி ஆங்கில அதிகாரி ஒருவரோடு வாழ்ந்தாள். ஞானஸ்நானம் கேட்டபோது, மணமில்லாத வாழ்வு என்று காரணம் காட்டி மிஷனரி சுவார்ட்ஸ் மறுத்தார். அவள் நம்பிக்கையை விடவில்லை. அதிகாரி இறந்தபின் 1778இல் அதே சுவார்ட்ஸின் கையால் ஞானஸ்நானம் பெற்றாள். அவள்தான் குளோரிந்தா. 1785இல் பிரதிஷ்டையான அவள் கட்டுவித்த ஆலயத்தை இன்றும் பாப்பாத்தியம்மாள் கோயில் என்கிறார்கள். திருச்சபை அவளை ஏற்கத் தயங்கியது. அவளோ திருச்சபைக்குக் கூரை போட்டாள்.

இன்னும் தெற்கே, அன்று திருவிதாங்கூரில் இருந்த இன்றைய குமரி மாவட்டத்தில், கிறிஸ்தவம் தழுவிய நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தினார்கள் என்பதற்காகச் சந்தையில் துணி கிழிக்கப்பட்டார்கள். 1822 முதல் 1859 வரை அந்தக் கலகம் விட்டுவிட்டு நடந்தது. ஜெபவீடுகள் எரிந்தன. அந்தப் பெண்களுக்குப் பயமில்லை என்று யார் சொல்வார்கள்? பயந்துகொண்டேதான் மறுநாளும் தோள்சீலை அணிந்து சந்தைக்குப் போனார்கள். 1859 ஜூலை 26 அன்று அரசு பிரகடனம் வெளியிட நேர்ந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஜெபம் அவர்களை வீட்டுக்குள் உட்காரவைக்கவில்லை. அன்று சபையும் அவர்கள் பக்கம் நின்றது என்பதை இன்றைய சபைக்கு நினைவூட்டுகிறேன்.

என் கேள்வி எளிது. உங்கள் ஜெபம் அந்தப் பெண்ணை எந்தப் பக்கம் திருப்புகிறது? பயமுறுத்துகிறவனுக்கு நேராக நிமிரவைக்கிறதா, அவனுக்கு வசதியாகக் குனியவைக்கிறதா? முதலாவது என்றால் நான் உங்களோடு முழங்காலிடுகிறேன். இரண்டாவது என்றால், நீங்கள் அவனுக்காகத்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

செய்யவேண்டியவை பெரிய காரியங்களும் இல்லை. சபை அறிவிப்புப் பலகையில் பெண்கள் உதவி எண் 181ஐயும், மனநல உதவிக்கான 14416ஐயும் வசனத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது என்பதைப் பிரசங்கத்தில் ஒருமுறையாவது சொல்லுங்கள். கடனை மிரட்டி வசூலிப்பதற்கு எதிராக 2025இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியிருக்கிறது என்பதைக் குழுக் கடன் வாங்கிய அக்காமாருக்கு விளக்குங்கள். அடிக்கிறவன் கையிலிருந்து காணிக்கைப்பையை வாங்கிவிடுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவளை மாத்திரையோடு வரவிடுங்கள்.

"பயப்படாதே" என்ற சொல்லை அவளுக்கு நிறையச் சொல்லிவிட்டோம். இனி அவள் பயத்துக்குக் காரணமானவனிடம் போய், "பயமுறுத்தாதே" என்று சொல்லும் வேலை பாக்கியிருக்கிறது. அதற்கு அவளோடு காவல் நிலையம்வரை நடந்து வாருங்கள். போகிற வழியில் ஜெபித்துக்கொள்ளலாம்.