மேற்கோள் கணக்கில் மறையும் விஞ்ஞானி

நரம்பியல் ஆய்வாளர்களில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவர்கள் யார் என்று பட்டியல் போட்டால், கார்ல் ஃபிரிஸ்டன் முதல் வரிசையில் வந்துவிடுவார். மூளையின் வேலையைக் கணித மாதிரிகளால் விளக்க முயலும் கணக்கீட்டு நரம்பியல் இவருடைய துறை. பணியாற்றுவது லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில். இவர் பெயர் தாங்கிய கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றைப் பிறர் சுட்டியிருக்கும் எண்ணிக்கை கூகுள் ஸ்காலர் கணக்கில் இரண்டரை லட்சத்தைத் தாண்டும். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், மூளையை இவரைப் போல் விளக்கியவர் வேறு யாரும் இல்லை என்று நினைத்துக்கொள்வார். ஆனால், இவரால் எத்தனை பேருக்குக் காரியம் ஆயிற்று என்பதைத்தான் அந்த எண் முதன்மையாகச் சொல்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் உலகெங்கும் நியமனங்களும் பதவி உயர்வுகளும் நடந்துகொண்டிருக்கின்றன.

1990களின் தொடக்கத்தில், லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் இருந்தபோது, எஸ்பிஎம் என்ற மென்பொருளை ஃபிரிஸ்டன் உருவாக்கினார். ஸ்கேன் படத்தில் மூளையின் எந்தப் பகுதி உண்மையிலேயே கூடுதலாக இயங்கியது, எது தற்செயல் ஏற்ற இறக்கம் என்று புள்ளியியல் வழியில் பிரித்துச் சொல்வது அதன் வேலை. அதை இலவசமாகவே கொடுத்தார். பயன்படுத்திய ஆய்வுக்கூடங்கள் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் அவரைக் குறிப்பிட்டன. பலர் அந்த மூலக் கட்டுரையைப் புரட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவருடைய இன்னொரு முகம் கட்டற்ற ஆற்றல் கோட்பாடு. எதிர்பாராதவற்றைக் குறைத்துக்கொள்ளவே மூளை இயங்குகிறது என்பது அதன் சாரம். அதைப் பெரிய அளவில் முன்வைத்த 2010ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பே, இது ஒருங்கிணைந்த மூளைக் கோட்பாடா என்ற கேள்விக்குறியோடுதான் முடிகிறது. பொய்ப்பிக்க வழியில்லாத ஒன்றைக் கோட்பாடு என்று எப்படி ஏற்பது என விமர்சகர்கள் கேட்கிறார்கள். இது கோட்பாடு அல்ல, அடிப்படைத் தத்துவம்; பொய்ப்பிக்கும் பேச்சுக்கே இடமில்லை என்கிறார் ஃபிரிஸ்டன். வழக்கு இன்னும் முடியவில்லை. நன்றிக்காகச் சுட்டியது, சண்டைக்காகச் சுட்டியது, இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டுவதுதான் மேற்கோள் கணக்கு.

2016இல் நடந்தது இதைவிடச் சுவையானது. எக்லுண்ட், நிக்கல்ஸ், நட்ஸன் ஆகிய மூன்று ஆய்வாளர்களும் 499 ஆரோக்கியமான நபர்களின் ஸ்கேன் தரவுகளைக் கொண்டு எஸ்பிஎம் உள்ளிட்ட மூன்று முன்னணி மென்பொருள்களைச் சோதித்தார்கள். 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய்யான கண்டுபிடிப்புகள், சில அமைப்புகளில் 70 சதவீதம் வரை போயின. இத்தகைய விமர்சனக் கட்டுரைகளும் எஸ்பிஎம் கட்டுரைகளைச் சுட்டித்தானே எழுதப்படுகின்றன? குற்றம் சொன்னாலும் மேற்கோள் ஒன்று கூடிவிடுகிறது.

எதிர்த்திசையில் இருக்கிறார், மூளைக் கோட்பாட்டாளர் டேவிட் மார். 1969 முதல் 1971 வரை கேம்பிரிட்ஜில் இருந்தபடி சிறுமூளை, பெருமூளைப் புறணி, ஹிப்போகாம்பஸ் மூன்றுக்கும் அவர் எழுதிய கோட்பாட்டுக் கட்டுரைகள் மூன்றே. 1980இல் ரத்தப் புற்றுநோயால் 35 வயதில் இறந்தார். பார்வை பற்றிய அவருடைய 'விஷன்' நூல் 1982இல்தான் வெளிவந்தது. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் சேர்த்து ஆய்வாளருக்கு ஒரே எண் தருவதற்காக இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் முன்மொழிந்த எச்-இண்டெக்ஸ், எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது. ஆக, சாவு முந்திக்கொண்டவருக்கு அந்த அளவுகோலில் என்றைக்கும் சிறிய எண்தான். சிறுமூளையில் கற்றலின்போது நரம்பு இணைப்புகள் வலுப்படும் என்று மார் கணித்தார்; இல்லை, வலுவிழக்கும் என்றார் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ். 1980களின் தொடக்கத்தில் நரம்பியலாளர் மசாவோ இட்டோவின் சோதனைகள் ஆல்பஸ் பக்கம் சாய்ந்தன. மாரின் கணிப்பு திசை மாறிப்போனது உண்மை. ஆனால், எங்கே தேட வேண்டும் என்று அவர் காட்டிய இடத்தில்தான் விடை கிடைத்தது. இந்தப் பெருமையை எந்த இண்டெக்ஸில் எழுதுவது?

எண்களைத் தூக்கிப்போட்டால் சிபாரிசுதான் மிஞ்சும் என்பார்கள். நம் நாட்டில் இது லேசாக ஒதுக்கக்கூடிய வாதம் அல்ல. வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்கும் நியமனக் குழுவின் முன்னால், பின்புலமில்லாத இளைஞருக்கு எண் ஒரு கேடயம். ஆனால், கேடயத்தை யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஆகிவிட்டதே. இன்று நீ என்னைச் சுட்டு, நாளை நான் உன்னைச் சுட்டுகிறேன் என்று மொய் எழுதுவதுபோல மேற்கோள்கள் கைமாறுகின்றன. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018இல் வகுத்த விதிகளோ, கட்டுரை வெளியான ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அந்த இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை சுட்டப்படுகின்றன என்ற எண்ணைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டின. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை.

எல்லாவற்றையும் படிக்க யாருக்கு நேரம் என்பது அடுத்த தடை. எல்லாவற்றையும் படிக்க வேண்டாம். பிரிட்டனின் 2014ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பீட்டில் ஓர் ஆய்வாளருக்கு அதிகபட்சம் நான்கு படைப்புகளே கேட்கப்பட்டன. அந்த முறைக்கும் செலவு அதிகம் என்ற குறை உண்டு. இருந்தாலும், படித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வதாவது அதில் இருந்தது. நம் பல்கலைக்கழகங்களும் விண்ணப்பதாரரிடம் அவரே தேர்ந்தெடுத்த நான்கு கட்டுரைகளை வாங்கட்டும். துறை அறிந்த வெளியாட்கள் படித்து, ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் எழுதட்டும். அதைப் பொதுவில் வைத்தால் சிபாரிசுக்கும் இடம் குறையும். மேற்கோள் எண்ணிக்கை விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.