இருவகைத் தாமதம்

கண்டியிலே கடல் இல்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807இல் அமைத்த வாவியே உண்டு. ஆதலாற்போலும், மலைநாட்டவராகிய நாம் நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கப் புறப்பட்டு, குறிகட்டுவான் இறங்குதுறையில் மோட்டார்ப் படகுக்குக் காத்து நிற்குங்கால் பொறுமை இழக்கின்றோம். நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள அன்பரும் அவ்வாறே. புகைவண்டியின் நேரசூசிகையைக் கடலிடத்தும் எதிர்பார்த்தல் தகுமா?

தாமதம் இருவகைப்படும். ஒன்று கடல் தருவது. மற்றையது மனிதர் தருவது. அம்மன் மகோற்சவம் ஆனி மாதத்தில், சோளகக் காற்றுக் காலத்தில் நிகழ்வது. காற்று மிகுந்தவிடத்துப் படகோட்டி புறப்பட மறுப்பின், அவர் நம் உயிரைக் காக்கின்றார். அவரை நெருக்குதல் அறியாமை. அளவிறந்த கூட்டத்தை ஏற்றிச் செல்லுமாறு வேண்டுதல் அதனினும் பெரும் பேதைமை.

மனிதர் தரும் தாமதமோ பொறுக்கத்தக்கதன்று. கிண்ணியாவைச் சேர்ந்த குறிஞ்சாக்கேணியிலே பாலவேலை முடிவுறாதிருந்த காலத்து, 2021 நவம்பர் 23ஆந் திகதி பயணிகளை ஏற்றிய மிதவைப்படகு கவிழ்ந்தது. பள்ளிச் சிறுவரும் மாண்டனர். உரிய காலத்திற் பாலம் முடிந்திருப்பின் அப்படகுக்கு வேலையே இராது.

ஆதலின் நம் கல்லூரி மாணவர், பழையோராயினும் இளையோராயினும், காற்றின் தாமதத்துக்குப் பணிதல் வேண்டும். கவனமின்மையின் தாமதத்தை உரியவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். உயிர்காப்பு அங்கி இல்லாத படகில், எத்துணை அவசரமாயினும், ஏறாதொழிக.