இழுக்காதீர்கள், திருகுங்கள்

எருக்கலம்பிட்டி போன்ற கடலோர ஊர்களில் பழைய மொனிட்டரின் வீ.ஜி.ஏ. வயர் கழலாமல் அடம்பிடித்தால் பாதிப் பழி உப்புக்காற்றுக்கு. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த இந்த இணைப்பின் இருபக்கத் திருகாணிகளும் துருவேறி நட்டோடு ஒட்டிக்கொள்ளும். கோபத்தில் இழுத்தால் உள்ளே மின்சுற்றுப் பலகையின் ஈயப்பற்று விட்டுப்போகலாம். பிறகு மொனிட்டரையே தூக்கிப்போட வேண்டியதுதான். முதலில் மின்சாரத்தைத் துண்டியுங்கள். துருநீக்கி எண்ணெயைப் பீய்ச்சாமல் பஞ்சுக்குச்சியால் திருகாணியில் மட்டும் தொட்டு வையுங்கள். ஊறியதும் குறட்டால் மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். சிலவேளை அறுகோண நட்டும் சேர்ந்தே சுழன்று வரும். பலர் இங்கேதான் பதறிப்போய் நிறுத்துகிறார்கள். வரட்டுமே! இருபக்கத் திருகாணிகளும் கழன்றதும் வயரை நேராக உருவி, நட்டைத் தனியே பிரித்து மறுபடி மொனிட்டரில் பூட்டிவிடலாம். அடுத்த தடவை திருகாணியைக் கைவிரலால் இறுக்கினாலே போதும்.