அந்தக் கொப்பி இப்ப எங்கே?

2020 ஒக்ரோபரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு மாதம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த பிறகு முதல்தடவையாக ஒரு பாருக்குப் போனேன். இங்கே நியூ ஜேர்சியில், எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிச ஓட்டம். கூட வந்தவர் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிற மதுரைப் பெடியன், கணினி வேலை, என்னை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். கார் நிறுத்துகிற இடத்தில் வெள்ளைக் கூடாரம் அடித்து மேசைகளைத் தள்ளித்தள்ளிப் போட்டிருந்தார்கள். வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கிற மாதிரி ஒரு கொப்பி, நூலில் கட்டின ஒரு பேனை. பெயர், ரெலிபோன் நம்பர், வந்த நேரம். எழுதிப்போட்டு உள்ளே போகவேண்டியதுதான்.

தம்பி மளமளவென்று எழுதிவிட்டுப் பேனையை என்னிடம் தந்தார். எனக்குக் கை ஓடவில்லை. பெயரை எழுதினேன். நம்பரின் கடைசி இலக்கம் 4. நான் 9 என்று எழுதினேன்.

அவர் பார்த்துவிட்டார். "ஏண்ணே, உண்மையான நம்பரையே குடுத்துடலாமே, என்ன ஆயிடப் போகுது?"

சிரித்துச் சமாளித்தேன். என்ன ஆகும் என்று அந்த வாசலில் நின்று சொல்லுகிற கதையா அது?

ஒன்பதாம் நாள் அவருக்குச் சுகாதாரப் பகுதியிலிருந்து அழைப்பு வந்தது. அன்றிரவு அங்கே இருந்த ஒருவருக்குத் தொற்று, 14 நாள் முடியும்வரை வெளியே போகவேண்டாம் என்றார்களாம். உடனே எனக்கு அடித்துச் சொன்னார். எனக்கு ஒருவரும் அடிக்கவில்லை. எப்படி அடிப்பார்கள்? 9-இல் முடிகிற அந்த நம்பர் யாருடையதோ, அவருக்குத்தான் அடித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் 76 வயதில் மாமி, சலரோகக்காரி. அந்த ஒன்பது நாளும் நான்தான் அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது. நல்லகாலம், ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பொய் எழுதின என்னையும் என்ரை மாமியையும் காப்பாற்றினது உண்மை எழுதின ஒருத்தரின் நம்பர் என்பது இன்றைக்கும் உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகவே "பட்டியலே வேண்டாம், சுதந்திரம்!" என்று கொடி பிடிக்க நான் வரவில்லை. பட்டியல் வேணும். எப்படிப்பட்ட பட்டியல் என்பதுதான் கதை.

அந்த வருசம் இங்கே ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதிரி. நியூ ஜேர்சியில் யூன் 15 முதல் வெளியே மேசை போடலாம், செப்ரெம்பர் 4 முதல் உள்ளே நாலில் ஒரு பங்கு ஆட்களை இருத்தலாம் என்றார்கள். மேசைக்கு முன்பதிவு செய்கிறவர்களிடம் ரெலிபோன் நம்பர் வாங்கச் சொன்னார்கள். நியூயோர்க் நகரத்தில் செப்ரெம்பர் 30 முதல் ஒரு கூட்டத்தில் ஒருவராவது விபரம் தரவேண்டும். வொஷிங்ரன் மாநில ஆளுநர் ஜெய் இன்ஸ்லி மே 11 அன்று, உணவகங்கள் வாடிக்கையாளர் விபரத்தை 30 நாள் வைத்திருக்கவேண்டும் என்றார். சனம் கிளம்பிக் கத்தினதில் நாலே நாளில், விரும்பினவர்கள் தந்தால் போதும் என்று இறங்கிவந்தார். ரெக்சஸ் இந்தத் தடமறிகிற வேலையை ஒரு தனியார் நிறுவனத்துக்கு 29 கோடியே 50 இலட்சம் டொலருக்குக் கொடுத்தது. உங்களுக்கு ஆரப்பா இவ்வளவு விபரத்தையும் தூக்கிக் கொடுத்தது என்று இரண்டு கட்சி உறுப்பினர்களும் கேட்டார்கள். கலிபோர்ணியாவில் விரிகுடாப் பக்கத்து அப்பிளும் கூகிளும், பெயரையும் இடத்தையும் ஒருவரிடமும் கொடுக்காமல் போன்களே தங்களுக்குள் கதைக்கிற ஒரு முறையைக் கொண்டுவந்தன. நியூ ஜேர்சிச் செயலியும் அதில்தான் ஓடியது. அதையும் நம்பிப் போட்டவர்கள் கொஞ்சப்பேர்தான்.

எங்கள் ஆளுநர் பில் மேர்பி அந்த இலையுதிர்காலம் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்: தடமறிய அழைக்கிறவர்களுக்குப் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒத்துழைக்கிறார்களில்லை என்று. எல்லைக்கு அங்கால் றொக்லண்ட் கவுண்டியில், ஒரு விருந்துக்குப் போய்த் தொற்றினவர்கள் வாயே திறக்காததால் நாளுக்கு 2000 டொலர் தண்டம் என்று அழைப்பாணை அனுப்பவேண்டி வந்தது. எல்லோரும் பொறுப்பில்லாத சனமா? அப்படி நான் நினைக்கவில்லை. என்னைப்போல ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு 9 இருந்திருக்கும்.

சும்மா மனப்பயம் என்று சொல்லாதீர்கள். நியூசிலாந்தில், ஓக்லாந்தில், 2020 மேயில் ஒரு பெண் சான்விச் வாங்கப்போய்த் தடமறிதலுக்கென்று விபரம் எழுதிக் கொடுத்தா. கடையில் வேலைசெய்தவன் அதை எடுத்து அவவுக்கு முகநூலிலும் போனிலும் செய்தி அனுப்பத் தொடங்கினான். இங்கிலாந்தில் பப்புகள் யூலை 4 அன்று திறந்தபோது 21 நாள் விபரத்தை வைத்திருந்து பிறகு அழிக்கவேண்டும் என்ற ஒழுங்கு இருந்தது. அப்படியிருந்தும், கடைகளுக்குக் கியூஆர் கோட் செய்து கொடுத்த ஒரு நிறுவனம் அந்த முகவரிகளுக்கே கிட்டத்தட்ட 84,000 விளம்பர மின்னஞ்சல் அனுப்பி, 2021-இல் 8000 பவுண் தண்டம் கட்டியது. மின்னஞ்சல் ஒன்றுக்குப் பத்துப் பென்சும் இல்லை. மலிவான வியாபாரம்தான்!

அரசாங்கங்களும் அப்படித்தான். சிங்கப்பூரில் தடமறியும் செயலியின் தரவு தொற்றுக்கு மட்டும்தான் என்று சொன்னார்கள். 2021 சனவரியில், குற்ற விசாரணைக்குப் பொலிசும் எடுக்கலாம் என்று நாடாளுமன்றத்தில் வெளிவந்தது. அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் தவறு தன்னுடையது என்று ஏற்றுக்கொண்டார். பிறகு ஏழு வகைக் கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் செய்தார்கள். யேர்மனியில் சட்டம் வெளிப்படையாகவே தடுத்திருந்தது. இருந்தும் 2021 நவம்பர் கடைசியில் மைன்ஸ் நகரில் ஒரு உணவகத்திலிருந்து வெளியே வந்த ஒருவர் விழுந்து இறந்தபோது, அங்கே பதிந்திருந்த 21 பேரைப் பொலிஸ் தேடிப்பிடித்தது. அரச வழக்குத்தொடுநர்கள் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள்.

இனி என்ரை கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெளிநாடு வர அலுவல் பார்த்துக்கொண்டு கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தேன். அங்கேயும் வாசலில் ஒரு கொப்பி. பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், வந்த நோக்கம். "தம்பி, இது சும்மா கணக்குக்கு" என்று லொட்ஜ்கார ஐயா சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. யார் எத்தனை நாள் நின்றது, யார் காசு தந்தது என்பதற்குத்தான் அவருக்கு அந்தக் கொப்பி. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஜீப்பில் வந்தவர்கள் அதே கொப்பியை விரித்து, ஊர்ப்பெயரைப் பார்த்து, அறை அறையாகக் கூப்பிட்டார்கள். நான் மூன்றாம் நாள் வெளியே வந்தேன். எனக்குப் பக்கத்து அறையில் இருந்தவர் எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் நான் லொட்ஜை மாற்றிவிட்டேன்.

இது எனக்கு மட்டும் நடந்த புதினம் இல்லை. 1983 யூலையில் கொழும்பில் காடையர் கையில் இருந்தது வாக்காளர் இடாப்பு. வாக்குப் போடவென்று நாங்களே எழுதிக் கொடுத்த பெயர்களை வைத்துத்தான் எந்த வீடு தமிழ்வீடு என்று பார்த்துக் கொளுத்தினார்கள். 2007 யூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வெளியேற்றினார்கள். அடுத்தநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டபிறகுதான் நின்றது. 2020-இல் கொரோனா வந்தபோது அங்கே தடுப்பு நடவடிக்கைக்குத் தலைவராகப் போட்டதும் இராணுவத் தளபதியைத்தான். நோய் கேட்டு வருகிறவனும் ஆளைக் கேட்டு வருகிறவனும் ஒரே சீருடையில் வந்தால் சனம் யாருக்கு உண்மை சொல்லும்?

"அது உங்கள் நாடு, இது அமெரிக்கா" என்பீர்கள். 1940-இல் இங்கே எடுத்த குடிசன மதிப்பீடு இரகசியம் என்றுதான் சொல்லப்பட்டது. 1942-இல் யுத்தச் சட்டத்தால் அந்த இரகசியத்தை நீக்கி, யப்பானிய வழிவந்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பாவித்தார்கள். கிட்டத்தட்ட 120,000 பேர் முகாமுக்குப் போனார்கள். பழங்கதை என்றால், 2025-க்கு வாருங்கள். ஆவணம் இல்லாதவர்களும் வரி கட்டலாம், அந்த விபரம் குடிவரவுக்குப் போகாது என்றுதான் வருசக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். அந்த ஏப்ரலில் அதைக் குடிவரவுப் பக்கம் கொடுக்க உடன்படிக்கை போட்டார்கள். யூனில் கலிபோர்ணியா உட்படச் சில இடங்களின் மெடிக்கெயிட் விபரங்கள் அதே பக்கம் போனது வெளியே வந்தது. வழக்குகள் நடந்தன, நீதிமன்றங்கள் தலையிட்டன. ஆனால் அடுத்த தொற்று வரும்போது, நியூ ஜேர்சியில் சமையலறையில் கோப்பை கழுவுகிற ஒருவரிடம் போய் "உங்கள் நம்பரைத் தாருங்கள், நோய்க்கு மட்டும்தான்" என்று யார் சொல்லப்போகிறார்கள்? அவர் ஏன் நம்பவேண்டும்?

2020 மேயில் சியோலில் நடந்ததைப் பாருங்கள். இரவு விடுதிகளில் தொற்று. பட்டியலில் இருந்த ஐயாயிரத்துச் சொச்சம் பேரில் கிட்டத்தட்ட 2000 பேரைப் பிடிக்கமுடியவில்லை. சில விடுதிகள் தன்பாலீர்ப்பாளர்கள் போகிற இடம், பெயர் வெளியே வந்தால் வேலையும் குடும்பமும் போய்விடும் என்ற பயம். நகர நிர்வாகம் பெயர் வேண்டாம், போன் நம்பர் மட்டும் தாருங்கள் என்றது. பரிசோதனைக்கு வருகிறவர்கள் தொகை கிடுகிடுவென்று ஏறியது. பெயரை விட்டுக்கொடுத்தார்கள், ஆட்கள் வந்தார்கள்.

நான் கேட்பதும் இவ்வளவுதான். எல்லோரும் பார்க்க விரித்து வைக்கிற கொப்பி வேண்டாம். துண்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். ஒரு நம்பரும் நேரமும் போதும். நோய் வெளித்தெரிய 14 நாள், தேடிப்பிடிக்க ஒரு கிழமை. 21-ஆம் நாள் கிழித்தெறியவேண்டும். சுகாதாரப் பகுதியைத் தவிரப் பொலிசோ குடிவரவோ வியாபாரியோ தொட்டால் குற்றம் என்று சட்டம் வேண்டும். நியூயோர்க் மாநிலம் அப்படி ஒரு சட்டத்தில் கையெழுத்து வைத்தது 2020 டிசெம்பர் கடைசியில். கொப்பி வைத்து மாதங்கள் போனபிறகு! சட்டம் முதல் வரவேண்டும், கொப்பி பிறகு.

2023 மே 11 அன்று அமெரிக்காவின் கொவிட் அவசரகாலம் முடிந்தது. போனவருசம் அந்தப் பாருக்குப் போனபோது கல்லாவில் நின்ற பிள்ளையிடம், அந்தக் கொப்பி இப்ப எங்கே என்று கேட்டேன். அவவுக்கு நான் எந்தக் கொப்பியைச் சொல்லுகிறேன் என்றே விளங்கவில்லை. முதலாளி மாறிவிட்டாராம், பழைய சாமான்கள் எல்லாம் கீழ் அறையில் பெட்டி பெட்டியாகக் கிடக்குதாம்.

அதற்குள் எங்கேயோ தம்பியின் சரியான நம்பர் இருக்கிறது. அதற்குக் கீழ் வரியில் என்ரை பெயரும், 9-இல் முடிகிற யாரோ ஒருவரின் நம்பரும். அந்த ஆள் யாரென்று தெரிந்தால் மன்னிப்புக் கேட்பேன். அடுத்தமுறை சரியாக எழுத எனக்கும் விருப்பம்தான். ஆனால் அந்தக் கொப்பி எப்ப, யார் முன்னால் கிழிக்கப்படும் என்று முதலில் சொல்லுங்கள்.