நாமக்கல் வரைபடத்தில் பெரக்கரை நாடு எங்கே?

2024 ஆகஸ்டில் நாமக்கல் மாநகராட்சி ஆனது. புதுக்கோட்டை, திருவண்ணாமலை, காரைக்குடிக்கும் அப்போதுதான் அந்தத் தகுதி கிடைத்தது. பழைய நகராட்சியோடு 12 ஊராட்சிகள் சேர்க்கப்பட்டன. இப்படி நகரங்கள் விரியும்போதெல்லாம் தமிழ்நாட்டில் ஒரே வாக்குவாதம்தான்: எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே, உள்ளே போனால் வீட்டு வரி எவ்வளவு ஏறும், நூறு நாள் வேலை போய்விடுமா? 2025 தொடக்கத்தில் ஊராட்சி இணைப்புகளை எதிர்த்து மாநிலமெங்கும் மக்கள் மனுக்களோடு ஆட்சியர் அலுவலகங்களுக்கு வந்தபோதும் இதே கேள்விகள்தான் எழுந்தன. கேட்டதில் தவறில்லை. வயிற்றுப்பாடு அது.

ஆனால் ஒரு நகரம் தன் எல்லைக்கு வெளியே எந்தெந்த ஊர்களின் வாழ்வைத் தீர்மானிக்கிறது என்பதை இந்தச் சண்டையில் யாரும் பேசுவதில்லை. நாமக்கல்லைப் பொறுத்தவரை அதைப் பேச ஏற்ற இடம் கொல்லிமலை. மலைமேல் 14 நாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் ஓர் ஊராட்சி. அவற்றில் ஒன்று பெரக்கரை நாடு. அதை மாநகராட்சியோடு இணைக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாநகராட்சிக்கு அடுத்து எழுதப்படும் முழுமைத் திட்டத்தில் அந்த நாட்டுக்கு ஒரு பக்கமாவது இருக்கிறதா என்பதே என் கேள்வி. நிலைத்த வளர்ச்சி, அனைவரையும் உள்ளடக்கிய நகரம் என்ற சொற்களை இன்று எல்லாத் திட்ட அறிக்கைகளும் முன்னுரையில் வைத்துக்கொள்கின்றன. அவை மெய்யா என்று உரசிப் பார்க்க இப்படி ஒரு நாடு போதும்.

கொல்லிமலையின் நிலம் எப்படி மாறியது என்று பாருங்கள். எந்த நகரமைப்பு அலுவலரும் அதற்கு வரைபடம் போடவில்லை. ஒரு காலத்தில் சரிவுகளில் சாமையும் தினையும் பனிவரகும் கேழ்வரகும் விளைந்தன. கீழே சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் வட்டாரங்களில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகின. 1981-இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு வந்து, ஜவ்வரிசிக்கு நிலையான சந்தை உருவானது. ஆலைக்குக் கிழங்கு வேண்டும். குச்சிக்கிழங்கு மலையேறியது. வறட்சியைத் தாங்கும், காவல் அதிகம் வேண்டாம், வியாபாரி முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றிக்கொள்வார். சாமைக்கு அப்படி ஒரு லாரி வரவில்லை. சிறுதானியப் பரப்பு சுருங்கிக்கொண்டே போனது. சரிவான நிலத்தில் கிழங்கைத் தோண்டி எடுக்கும்போதெல்லாம் மண் இளகி, அடுத்த மழையில் கீழே இறங்குகிறது. ஆக, மலையின் நிலப் பயன்பாட்டை மாற்றி எழுதியது சமவெளியின் ஆலை வாசல். திட்டமிடல் என்பது அரசாணையில் மட்டும் நடப்பதாக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

சாமை போனதற்கு விலை மட்டும் காரணமல்ல. அதன் உமி எளிதில் பிரியாது. உரலில் போட்டுப் பெண்கள்தான் மணிக்கணக்கில் குத்த வேண்டும். நியாயவிலைக் கடையில் அரிசி கிடைக்கத் தொடங்கிய பிறகு யார்தான் குத்துவார்கள்? 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலையில் சிறுதானியப் பணியைத் தொடங்கி, விதை சேமிப்போடு ஊர்களில் சிறு அரவை இயந்திரங்களையும் வைத்தது. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. ஒரு பயிரைக் காப்பாற்ற முழக்கத்தைவிட உமி நீக்கும் இயந்திரம் முக்கியம் என்று கண்டுகொண்டவர்கள் அவர்கள். நகரமைப்பாளர்களிடம் நான் எதிர்பார்ப்பது இந்தக் கூர்மையைத்தான். எந்த இடத்தில் முடிச்சு விழுந்திருக்கிறது என்று கண்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு முடிச்சு பேருந்தில் இருக்கிறது. பட்டப்படிப்புக்கு மலைப் பிள்ளைகள் நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ ராசிபுரம் திருவள்ளுவர் அரசு கலைக் கல்லூரிக்கோ இறங்குகிறார்கள். பெரிய வைத்தியம் என்றால் 2022-இல் தொடங்கிய நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. மலையடிவாரக் காரவள்ளியில் தொடங்கும் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேந்தமங்கலம் தாண்டி வர வேண்டும். 2024 அக்டோபரில் நாமக்கல்லின் முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. நகர நெரிசலுக்கு அது தேவைதான். ஆனால் மலைமேல் உள்ள செம்மேட்டிலிருந்து நோயாளியைக் கூட்டிவரும் ஒரு பெண் எங்கே இறங்கி, எத்தனை வண்டி மாறி, எவ்வளவு செலவழித்து மருத்துவமனை வாசலைத் தொடுகிறார் என்று யாராவது கணக்குப் போட்டார்களா? மகளிர் கட்டணமில்லாப் பேருந்து வசதியை மலைப்பகுதிகளுக்கு விரிவாக்கும் அறிவிப்பு 2024-25 நிதிநிலை அறிக்கையில் வந்தபோது நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்ற பெயர்கள் அதில் இருந்தன. கொல்லிமலை இல்லை. கீழே இருப்பவர்களுக்கு மலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது சுற்றுலாப் போகும் மலைகள்தான் போலும்.

அந்தச் சுற்றுலா இப்போது கொல்லிமலைக்கும் வந்துவிட்டது. வளைவுகளில் வண்டி ஓட்டிப் படம்பிடிக்கவே வார இறுதியில் இளைஞர்கள் வருகிறார்கள். ஆடிப்பெருக்கையொட்டி வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் கூட்டம் பெருகுகிறது. செம்மேடும் சோளக்காடும் ஊர் என்ற நிலையிலிருந்து நழுவி, நகரம் என்ற நிலைக்கு இன்னும் வராமல் நடுவில் நிற்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் இடத்தை நகரம் என்று ஒப்புக்கொள்ள 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் உழைப்பாளர்களில் முக்கால்வாசி வேளாண்மைக்கு வெளியே என்று மூன்று அளவுகோல் வைத்திருக்கிறது. தங்கும் விடுதியும் கழிவுநீரும் பிளாஸ்டிக் குப்பையும் இந்த அளவுகோல்களுக்காகக் காத்திருப்பதில்லை.

காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொடைக்கானல் சாட்சி. அதன் முழுமைத் திட்டம் 1993-இல் வந்தது. பிறகு கால் நூற்றாண்டு ஊர் ஒரு திசையிலும் திட்டம் ஒரு திசையிலும் போயின. விதிமீறிய கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின் பேரில் பூட்டுப் போட வேண்டியிருந்தது. கடைசியில் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உயர் நீதிமன்றமே எண்ணிச் சொல்ல வேண்டிய நிலை. மலை தாங்கும் அளவு எவ்வளவு என்று ஆய்வதற்கு ஐஐடி சென்னையும் ஐஐஎம் பெங்களூரும் அழைக்கப்பட்டது கட்டடங்களெல்லாம் எழும்பி முடிந்த பிறகு. மலைக் கிராமங்களுக்கென்று 1990-லிருந்தே மலையிடப் பாதுகாப்புக் குழுமம் இருக்கிறது. மனு வந்தால் அனுமதிக்கலாம், மறுக்கலாம் என்பது அதன் வேலை. சந்தை எங்கே வர வேண்டும், குப்பை எங்கே போக வேண்டும், எந்த ஓடைக்கரையைத் தொடவே கூடாது என்று முன்கூட்டியே யோசிப்பது வேறொரு வேலை. கொல்லிமலையில் அதைச் செய்ய இன்னும் காலம் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலையை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சமவெளியில் உட்கார்ந்து எழுதுவது சுலபம். சாலை வேண்டாம் என்று சொல்பவர்களில் பலர் சொந்த வண்டி வைத்திருப்பவர்கள். மலையின் சிற்றூர்களுக்குச் சாலையும் செல்பேசிக் கோபுரமும் பள்ளிக்கூடமும் வேண்டும். சுற்றுலாப் பணத்தில் பங்கும் வேண்டும். வன உரிமைச் சட்டம் 2006, பள்ளி, மருந்தகம், சாலை, குடிநீர் போன்ற 13 வகைத் தேவைகளுக்கு ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தைக் கிராம சபைப் பரிந்துரையின் பேரில் ஒதுக்க வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின்கீழ் பட்டா வழங்குவது 2008-இல் உயர் நீதிமன்ற உத்தரவால் முடங்கி, 2016-இல் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கிய பிறகே அசைந்தது. எட்டு ஆண்டுகள் போனது போனதுதான்.

சரி, மலையும் நகரமும் சேர்ந்து உட்கார மேசை எங்கே? தேடிப் போக வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 243-இசட்.டி. பிரிவு மாவட்டத் திட்டக் குழுவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 74-ஆவது திருத்தத்தோடு 1993-இல் வந்த ஏற்பாடு. ஊராட்சிகளின் திட்டங்களையும் நகராட்சிகளின் திட்டங்களையும் ஒன்றாக்கி, இடத் திட்டமிடல், நீர்ப் பகிர்வு, உள்கட்டமைப்பு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றை இரு தரப்புக்கும் பொதுவாகப் பார்க்க வேண்டும் என்கிறது அது. உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாதவர்களை மாவட்ட ஊராட்சி, நகர்மன்ற உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும், ஊரக, நகர மக்கள்தொகை விகிதப்படி. 2011 கணக்கில் நாமக்கல் மாவட்ட மக்கள் 17.26 லட்சம். அதில் நகரவாசிகள் 40 விழுக்காடு. ஆக, அந்தக் குழுவில் ஊரகத்துக்கே பெரும்பான்மை.

ஏட்டில் அழகாக இருக்கிறது. நடைமுறைக்கு வருவோம். நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சி உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரத்துக்கு 2022-இல் தேர்ந்தெடுத்த மாமன்றம் இருக்க, மலையின் பதினான்கு நாடுகளுக்குக் கையெழுத்துப் போட ஓர் அதிகாரி இருந்தார். அதே மாதங்களில்தான் மாநிலத்தின் பல இடங்களில் நகர எல்லை விரிவுகளும் நடந்தன. ஒரு தரப்பு நாற்காலி காலியாக இருக்கும்போது நடப்பதற்குக் கூட்டுத் திட்டமிடல் என்று பெயர் வைக்க முடியாது.

தேர்தல் நடந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் எனக்கு நம்பிக்கை இல்லை. கொல்லிமலையின் மக்கள்தொகை நாற்பதாயிரத்தை ஒட்டியது. மாவட்டத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பேர்கூட இல்லை. விகிதாச்சாரம் என்று போனால் மலையின் குரல் கூட்டத்தில் கரைந்துவிடும். மலையில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். ஆனால் தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் அறிவிக்கப்படாததால், கிராம சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே இல்லை. ஆகவே திட்டக் குழுவில் மலைக்கென்று நிலையான இடம் வேண்டும். மலையைத் தொடும் தீர்மானங்களுக்கு அந்தந்த நாட்டின் கிராம சபை ஒப்புதல் வேண்டும். நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்கு ஊர்க்கவுண்டரும் இருந்து வழக்கும் விழாவும் கூடிப் பேசித் தீர்த்துவந்த சமூகம் அது. அந்த மரபில் பெண்களுக்கு இடம் கிடையாது என்பதையும் மறைக்க வேண்டாம். கிராம சபையில் இருக்கிறது, அதனால்தான் கிராம சபையை வலியுறுத்துகிறேன்.

மலைவாசிகளோடு பேரம் பேசுவதில் நகரத்துக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நியூயார்க் ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்த நகரம் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்து வருகிறது. 1990-களில் பல நூறு கோடி டாலரில் சுத்திகரிப்பு ஆலை கட்டு என்ற நெருக்கடி வந்தது. நகரம் மலை ஊர்களோடு உட்கார்ந்தது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் நீர்த்தேக்கத்துக்காக அந்த ஊர்களின் நிலத்தைச் சட்டத்தைக் காட்டிப் பறித்த நகரம்தான் அது. நம்பிக்கை சுலபத்தில் வரவில்லை. 1997-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது: விற்க விரும்புபவரிடம் மட்டுமே நிலம் வாங்குவது, கழிவுநீர்த் தொட்டிகளைச் சீரமைக்க நகரம் பணம் தருவது, பண்ணைகளை எப்படி மாற்றுவது என்பதை விவசாயிகள் நடத்தும் மன்றமே முடிவுசெய்வது. ஆலை கட்டுவதைவிட இது பல மடங்கு மலிவாக முடிந்தது.

நாமக்கல்லுக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. நாமக்கல் குடிப்பது காவிரித் தண்ணீர். கொல்லிமலையின் ஐயாறு ஆகாய கங்கையாக விழுந்து, புளியஞ்சோலை வழியே திருச்சி மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. அதாவது மலைக்குக் கடன்பட்டவர்களில் பலர் வேறு மாவட்டக்காரர்கள். மாவட்டத் திட்டக் குழுவால் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம் சொல்லும் மண்டலத் திட்டம் அதற்காகத்தான் இருக்கிறது. மலையின் ஓடைகளிலிருந்து 20 மெகாவாட் எடுக்கும் நீர்மின் திட்டம்போல, மேலே தொட்டால் கீழே பல வட்டாரங்களை அசைக்கும் எதுவும் அந்த மண்டல மேசையில்தான் பேசப்பட வேண்டும்.

நாமக்கல் உடனே செய்யக்கூடியது கொள்முதல். காலை உணவுத் திட்டத்தில் உள்ளூர்ச் சிறுதானியத்துக்கு இடம் இருக்கிறது. நகரப் பள்ளிகளுக்கான சாமையையும் கேழ்வரகையும் மலைவாழ் மக்கள் கூட்டுறவுச் சங்கம் வழியாக, விதைப்பதற்கு முன்பே விலை சொல்லி, மூன்று நான்கு பருவங்களுக்கு ஒப்பந்தம் போட்டு வாங்கலாம். ஒரு பருவத்துக்கு மட்டும் வாங்கினால் யாரும் கிழங்கை விட்டு வர மாட்டார்கள், வரவும் கூடாது. முதலாண்டில் கேட்ட அளவு கிடைக்காது என்பதற்கும் தயாராக இருக்க வேண்டும். அரவை இயந்திரங்கள் மலையிலேயே இருந்தால் கூலியும் தவிடும் மலையிலேயே தங்கும்.

முழுமைத் திட்டத்துக்குச் சட்டப்படி மக்களின் ஆட்சேபமும் கருத்தும் கேட்டாக வேண்டும். வழக்கமாக நாளிதழில் ஒரு விளம்பரமும் ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டமுமாக அது முடிந்துவிடும். நாமக்கல்லின் வரைவு வெளிவரும்போது ஒரு கூட்டத்தைச் சோளக்காட்டில் சந்தை நாளில் வைக்கட்டும். பேருந்து நேரம், கல்லூரி விடுதி, கொள்முதல், குப்பை என்று மலையைத் தொடும் பகுதிகளைத் தமிழில், நான்கு பக்கத்துக்குள் அச்சடித்து, பெரக்கரை நாடு உட்படப் பதினான்கு நாடுகளுக்கும் ஒரு மாதம் முன்பே அனுப்பிவைக்கட்டும்.