‘கேட்கலை’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள்!

ஒலிப்பதிவில் இருக்கும் பேச்சை எழுத்தாக மாற்றிய ஆங்கில ஆவணங்களில், வாக்கியத்தின் நடுவே அடைப்புக்குறிக்குள் ‘இன்-ஆடிபிள்’ என்று ஒரு சொல் இருக்கும். பேசியவர் ஏதோ சொல்லியிருக்கிறார். ஆனால், அது காதில் விழும்படி பதிவாகவில்லை. ‘இதைத்தான் சொல்லியிருப்பார்’ என்று தட்டச்சு செய்பவர் ஊகித்து எழுதினால் பொருளே மாறிவிடலாம். அதனால்தான் இந்த ஏற்பாடு.

‘இன்-ஆடிபிள்’ என்றால் காதால் கேட்க முடியாத என்று பொருள். மிக மெல்லிய குரலை ‘ஆல்மோஸ்ட் இன்-ஆடிபிள்’ என்பார்கள்.

எங்கிருந்து வந்தது?

லத்தீன் மொழியில் ‘அவுதீரே’ என்றால் கேட்பது. அதுவே ஆங்கிலத்தில் ‘ஆடி’ ஆனது. முன்னால் இருக்கும் ‘இன்’ இல்லை என்பதையும், பின்னால் இருக்கும் ‘இபிள்’ முடியும் என்பதையும் குறிக்கின்றன. ஆடியோ, ஆடியன்ஸ், ஆடிட்டோரியம் எல்லாம் இதே குடும்பம்தான்.

கணக்குப் பார்க்கும் ஆடிட்டரும் இந்த வீட்டுப் பிள்ளையே! இடைக்கால இங்கிலாந்தில் வரவு செலவை ஒருவர் உரக்கப் படிப்பார். இன்னொருவர் காதால் கேட்டே சரிபார்ப்பார். அந்தக் ‘கேட்பவர்’தான் ஆடிட்டர்.

சத்தமே இல்லையா?

‘சைலன்ட்’ என்றால் சத்தமே இல்லை. ‘இன்-ஆடிபிள்’ அப்படியல்ல, சத்தம் இருக்கலாம், நம் காதுக்குத்தான் எட்டாது. மனிதக் காது பொதுவாக 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கேட்கும். யானைகள் அதற்குக் கீழேயும், வௌவால்கள் அதற்கு மேலேயும் ஒலி எழுப்புகின்றன. நாம்தான் அமைதி என்று நினைத்துக்கொள்கிறோம்.

குழப்பிக்கொள்ளக் கூடாத சொல்

‘அன்ஹெர்ட்’ என்ற சொல்லும் உண்டு. கேட்கப்படாத என்று பொருள். காதில் விழுந்தும் யாரும் பொருட்படுத்தாத முறையீட்டை ஆங்கிலத்தில் இப்படித்தான் சொல்வார்கள்.

மாடியில் படுத்திருக்கும் பாட்டி கூப்பிடுகிறார். கீழே டி.வி. சத்தத்தில் குரல் எட்டவே இல்லை என்றால், அது ‘இன்-ஆடிபிள்’. எட்டியும் யாரும் எழுந்து போகவில்லை என்றால், ‘அன்ஹெர்ட்’. முதலாவதில் யார் மீதும் குற்றமில்லை. இரண்டாவதில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

தமிழில் இரண்டுக்கும் ‘கேட்கலை பாட்டி’ என்று சொல்லிவிடலாம். ஆனால், அது எந்தக் ‘கேட்கலை’ என்று பாட்டிக்குத் தெரியும்.